குழாயை எடுக்கச் சொன்னது நான்தான். அது கொலையா?

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது):

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். போன ஆவணியில் அப்பாவுக்கு மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. அவருக்கு வயது 73. தனியார் மருத்துவமனையில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை. கிட்னியும் கெட்டுவிட்டது, டயாலிசிஸ் செய்யலாம், ஆனால் ஆள் திரும்ப மாட்டார் என்றார்கள். வேறு ஒரு நரம்பியல் டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். ஏழு லட்சம் செலவாகிவிட்டது. மேற்கொண்டு பார்ப்பதென்றால் ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்க வேண்டும். "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். ஆம்புலன்ஸில், மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயில் பலூனை அமுக்கிக்கொண்டே ஊருக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் கட்டிலில் கிடத்தியதும் கூட வந்த பையன் "எடுத்திரவாண்ணே?" என்று என்னைத்தான் கேட்டான். "எடுப்பா" என்றேன். 40 நிமிடம் மேல்மூச்சு வாங்கி அடங்கினார். அக்கா திருப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அப்பாவைக் கொன்னுட்டியேடா" என்றாள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு 9 வயதாக இருந்தபோது, படுக்கையில் கிடந்த அப்பத்தாவுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடிக்கும் தலைக்கூத்தல். முடிவெடுத்தவர் அப்பா. முந்தின நாள் ராத்திரிகூட அப்பத்தா கருப்பட்டிக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். அவர் தன் அம்மாவுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்துவிட்டேனா? ஓர் உயிரை எடுப்பது எப்போதாவது நியாயமாகுமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் உங்கள் அப்பாவைக் கொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்துவிடாது. காரணம் தெரிந்தால்தான் அந்தப் பதில் உங்கள் மனசில் நிற்கும்.

உங்கள் நிலையில் இருப்பவர்களிடம் எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "நாம குழாயைத்தான் எடுத்தோம், உயிரை எடுத்தது நோய்." இதை நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அது பாதிதான் உண்மை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு விடியற்காலையில் இருபது வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். தரையில் பாய் விரித்துத் தூங்கியவன். கட்டுவிரியன் கடித்திருந்தது. அதன் கடி வலிக்காது, வீங்காது, பல நேரம் தடம்கூடத் தெரியாது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் உள்ள தொடர்பை அறுத்துவிடும். முதலில் இமை சரியும், பிறகு நாக்கு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். பையனுக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. கை கால் அசையவில்லை. "உயிர் எப்பவோ போயிருச்சு, மெஷினுதான் மூச்சு விடுது" என்று சொந்தக்காரர்கள் வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு யாராவது அந்தக் குழாயை எடுத்திருந்தால் அவனும் 'நோயால்' இறந்திருப்பான். நான்காம் நாள் அவன் வலது கால் பெருவிரல் அசைந்தது. பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். படுத்திருந்த நாட்களில் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னான். அவன் குழாயை எடுத்திருந்தால் அதற்குப் பெயர் கொலைதான். எடுத்தவர் கை எவ்வளவு மென்மையாக இருந்திருந்தாலும்.

1975இல் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதையே வேறு விதமாகக் கேட்டார். சொத்துக்கு ஆசைப்பட்டு ஒருவன் சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவனும் அதே எண்ணத்தோடுதான் உள்ளே போகிறான். ஆனால் அதற்குள் சிறுவன் வழுக்கி விழுந்து தண்ணீரில் மூழ்குகிறான். அவன் கை நீட்டாமல் நின்று பார்க்கிறான். கை படவில்லை என்பதால் இரண்டாமவன் நல்லவனாகிவிடுவானா? மாட்டான். அதனால் "நாம் எதுவும் செய்யவில்லையே" என்ற இடத்தில் போய் ஒளிந்துகொள்ள முடியாது. உங்களுக்கும் அந்த இடம் வேண்டாம், தம்பி. அது இல்லாமலே நீங்கள் நிற்கலாம்.

அந்தப் பையனின் உடம்பு விஷத்தை வெளியேற்றும்வரை வென்டிலேட்டர் அவனுக்குக் காவல் நின்றது. உங்கள் அப்பாவுக்கு அப்படிக் கடந்து வர ஒரு கரை இல்லை. கண்மணி சுருங்கவில்லை, கிள்ளினால் உணர்வு இல்லை, சளி உறிஞ்சும்போதுகூட இருமவில்லை என்று கோப்பிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறீர்கள். சொந்தமாக எடுத்தது ஓரிரு மூச்சு. கிட்னி வேலை செய்வது நின்றுகொண்டிருந்தது. இரண்டு மருத்துவர்கள் ஒரே முடிவைச் சொன்னார்கள். நான் அவரை நேரில் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியது சரி என்றால், 11ஆம் நாளில் அந்த மெஷின் அவர் சாவைத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது கொலை ஆகாது. இதற்குக் 'கருணைக்கொலை' என்ற பெயரே பொருந்தாது என்பது என் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2018இல் சொற்களை வரையறுத்தபோது, சிகிச்சையை விலக்கிக்கொள்வதைக் கருணைக்கொலையோடு சேர்த்துப் பேச வேண்டாம் என்ற நிலையைத்தான் எடுத்தது.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் சிறிதாக எழுதிய ஒரு வரியும் இருக்கிறது: "நிலத்தைக் காப்பாத்தத்தான் கையெழுத்துப் போட்டேனோ?" உங்களை அரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பணத்தைப் பற்றி நினைத்ததே பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பில் கவுண்டரிலிருந்து வந்த சீட்டை மடித்து மடித்துப் பார்க்கும் எத்தனையோ மகன்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் நீங்களே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஏழு லட்சமும், இன்னும் எழுபது லட்சமும் யாரோ இலவசமாகக் கொடுத்திருந்தால் அப்பா எழுந்திருப்பாரா? இல்லை. அப்படியென்றால் பணம் உங்களைச் சீக்கிரம் முடிவெடுக்க வைத்திருக்கலாம், முடிவைத் தவறாக்கவில்லை. கட்டுவிரியன் கடித்த பையனின் அப்பா காசில்லை என்று அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். அப்போதும் அந்த அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த 40 நிமிடம். மூளைத்தண்டு அப்படிச் சிதைந்தவருக்கு வரும் மேல்மூச்சு பெரும்பாலும் அனிச்சையாக நடப்பது. பார்ப்பவருக்கு நெஞ்சு வெடிக்கும். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மிகக் குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. அதனால்தான் நாங்கள் குழாயை எடுக்கும் முன் மூச்சுத்திணறலைத் தணிக்கக் கொஞ்சம் மார்ஃபினும், மனதை அமைதிப்படுத்தும் மருந்தும் கொடுப்போம். தொண்டையில் தேங்கும் சளி குறையவும் மருந்து உண்டு. குடும்பத்தைச் சுற்றி உட்கார வைத்து, இனி என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுவோம். உங்களுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பலூனைக் கையில் கொடுத்து, அனுபவமில்லாத ஒரு பையனோடு உங்களை அனுப்பிவிட்டார்கள். "எடுத்திரவா?" என்ற கேள்வி உங்களிடம் வந்திருக்கவே கூடாது. அது மருத்துவர்கள் சுமக்க வேண்டிய சுமை. உங்கள் தோளில் இறக்கிவிட்டார்கள். இதில் தவறு நடந்தது, ஆனால் செய்தது நீங்கள் இல்லை.

இனி அப்பத்தா.

மழுப்ப வேண்டாம் என்றீர்கள். அது கொலை.

அந்த எண்ணெய்க் குளியலும் இளநீரும் என்ன செய்யும் என்று ஊற்றியவர்களுக்குத் தெரியும். சொந்த பந்தத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள் என்பதிலிருந்தே நோக்கம் தெரிகிறது. அப்பத்தாவைக் கொன்றுகொண்டிருந்த நோய் எதுவும் இல்லை. வயசும் படுக்கையும்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கருப்பட்டிக் காப்பி. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். காப்பி கேட்கிறவளுக்கு நாளைக் காலையும் வேண்டும். சூடாக இருந்ததா, இனிப்பு சரியாக இருந்ததா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் அப்பாவைக் கூண்டில் ஏற்றி விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 1980களில் உங்கள் ஊரில் படுத்த படுக்கையாக ஒருத்தி கிடந்தால் அந்த வீட்டுக்கு என்ன உதவி இருந்தது? புண்ணைச் சுத்தம் செய்ய நர்ஸ் வரமாட்டார். வலிக்கு மார்ஃபின் கிடைக்காது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் உரிமக் கெடுபிடிக்குப் பயந்து பெரிய மருத்துவமனைகளே அதை வைத்துக்கொள்வதை விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் இளகியது. படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடிச் செவிலியர் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல்தான் வந்தது. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், ஊரே 'வழக்கம்' என்று சொல்லிக் கொடுத்ததை உங்கள் அப்பா செய்தார். நியாயம் என்று நான் சொல்லவில்லை. அவர் எவ்வளவு தனியாக விடப்பட்டிருந்தார் என்று சொல்கிறேன். நண்பர் ஒருவர் குழாய்களோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இப்படி எதையும் சொருகிப் போட்டுறாதீங்கடா" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பத்தாவிடம் கேட்காமல் விட்டவர், தன் விஷயத்தில் உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் அவர் சொல்லைக் காப்பாற்றினீர்கள். இரண்டு சாவுக்கும் நடுவில் உள்ள தூரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

சரி, எப்போதாவது நியாயமாகுமா?

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி நோயில் விழுந்தது. பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்டார். வலியில் அசையவும் முடியாமல் கிடந்தது. ஆசிரமத்தில் எல்லோரிடமும் கலந்து பேசிய காந்தி, ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சொன்னார். அதை மறைக்காமல் பத்திரிகையிலும் எழுதினார். அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொல்வதா என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. மனிதருக்கும் இதே நியாயம்தானா என்ற கேள்விக்கு, ஆம், சட்டம் ஒன்றுதான் என்றார். ஆனால் கூடவே இரண்டு காரணங்கள் சொன்னார். மனிதர் விஷயத்தில் நாம் செய்யக்கூடிய உதவி அநேகமாக ஏதாவது மிச்சம் இருக்கும். தன்னைப் பற்றி யோசித்து முடிவெடுக்கும் சக்தி மனிதருக்கு உண்டு. கன்றுக்கு இரண்டும் இல்லை.

இந்த இரண்டையும் நான் என் வேலையில் தினமும் உரசிப் பார்க்கிறேன். "ஒரு ஊசி போட்டுக் கொன்னுரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவர்கள் உண்டு. வாய்ப்புற்றுநோயில் கன்னம் அழுகிப்போன ஓர் அம்மா நாலு நாள் அதையே சொன்னார். வாசனை போக மருந்து வைத்துக் கட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் கொடுத்தோம். அடுத்த வாரம் போனபோது, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் இப்படி மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு எந்த மருந்தும் போதவில்லை. அவர்களை ஆழ்ந்த தூக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். நெதர்லாந்தில் 2002 முதல் கேட்பவருக்கு மருத்துவரே உயிரை முடித்து வைக்கச் சட்டம் இருக்கிறது. அங்கே நல்ல சிகிச்சையும் முதியோர் பராமரிப்பும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மார்ஃபினே போய்ச் சேராத நம் ஊருக்கு அந்தச் சட்டம் முதலில் வந்தால், இங்கே அது தலைக்கூத்தலுக்குத்தான் கதவைத் திறந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆனாலும் 'ஒருபோதும் இல்லை' என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அடிவயிறு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகள். ஒன்றுக்கு இதயமும் நுரையீரலும் வேலை செய்யவில்லை. இன்னொன்றின் இதயம்தான் இரண்டு உடம்புக்கும் ரத்தம் தள்ளியது. அப்படியே விட்டால் சில மாதங்களில் இரண்டும் சாகும். பிரித்தால் ஒன்று உடனே சாகும், மற்றது பிழைக்கும். தாய் தகப்பன் வேண்டாம் என்றார்கள். கடவுள் கொடுத்த இரண்டும் சமம், ஒன்றைக் கொன்று ஒன்றை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. நவம்பரில் 20 மணி நேர அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு குழந்தை இறந்தது, ஒன்று பிழைத்தது. அந்தக் கத்தி ஒரு குழந்தையின் உயிரை எடுத்தது என்பதை நீதிபதிகள் மறைக்கவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் செய்திருப்பேன். நியாயம் என்றும் சொல்லுவேன். செய்துவிட்டு அந்தப் பெற்றோரின் முகத்தை நேராகப் பார்த்திருக்க முடியுமா, தெரியாது. போர், தூக்குத் தண்டனை, தற்காப்பு என்று இந்தக் கேள்வி நீளும். தன் உயிரே போனாலும் பிற உயிரை எடுக்காதே என்று துறவறத்தில் சொன்ன வள்ளுவர், செங்கோன்மையில் கொடியவரைத் தண்டிப்பதைக் களை எடுப்பதற்கு ஒப்பிட்டார். அவற்றைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டிலோரத்தில் நின்று பழகியவள் நான். அங்கே இதுவரை, கொல்வதைத் தவிர வேறு உதவியே இல்லை என்ற நிலையை நான் பார்த்ததில்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 42 வருஷம் நினைவின்றிக் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனார். அக்கறையோடு போனவர்தான். ஆனால் 2011 தீர்ப்பில் நீதிமன்றம், அருணா சார்பாகப் பேசும் உரிமை தினமும் குளிப்பாட்டி ஊட்டிய அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. செவிலியர்கள் விட மாட்டோம் என்றார்கள். 2015இல் நிமோனியா வந்து அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பின் வேறு சில பகுதிகளில் எனக்குக் கேள்விகள் உண்டு. இந்த ஒன்றில் இல்லை.

2019இல் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது ஆறு மாதம் தன் வீட்டில் வைத்து, பெட்பேன் எடுத்துப் பார்த்துக்கொண்டது அக்கா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழாயை எடுப்பது பற்றி நீங்கள் சித்தப்பாவோடும் மாமாவோடும் பேசினீர்கள். அக்காவுக்கு "கொண்டு வர்றோம், கிளம்பி வா" என்று ஒரு போன். என் கண்ணுக்கு நீங்கள் செய்த தவறு இது ஒன்றுதான், தம்பி. முடிவு சரி, அதில் இருந்திருக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டீர்கள். 'கொன்னுட்டியே' என்ற சொல்லுக்குள் 'என்னைக் கேக்கலையே' என்பதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிகிச்சையை விலக்கிக்கொள்ள 2018இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லி, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. மருத்துவமனையே மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு அமைத்து, அதற்கு மேல் இரண்டாவது குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் தூக்கிப் போய்க் குழாயைப் பிடுங்க வேண்டியதில்லை. நினைவு நன்றாக இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு வைக்கலாம். தன் சார்பாகப் பேச யார் யார் என்றும் அதில் குறிப்பிடலாம். மகள்களின் பெயரையும் எழுதுங்கள்.

ஆவணி வருவதற்குள், தலைத்திதிக்கு முன்னால், திருப்பூர் போய்விட்டு வாருங்கள். போனில் வேண்டாம். மருத்துவமனைக் கோப்பைக் கையோடு எடுத்துப் போங்கள், ஆனால் உட்கார்ந்ததும் அதைப் பிரிக்காதீர்கள். இது கொலையா இல்லையா என்று வாதாடவும் வேண்டாம். "உன்னைக் கேட்டிருக்கணும்க்கா" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அக்கா திட்டினால் திட்டட்டும். அந்த ஆறு மாதத்தில் அப்பா அவரிடம் என்னென்ன பேசினார் என்று கேளுங்கள். குழாய் வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவர், அக்காவிடமும் ஏதாவது சொல்லியிருப்பார்.